மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தலைவர் போன விதம்

வேலப்பன் பந்தல் போடத் தொடங்கி இருபத்திரண்டு வருஷமாகிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி என்று எதற்கும் அசராமல் மூங்கில் நட்டுத் துணி கட்டியிருக்கிறார். ஒருமுறை வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குச் சுற்றுலா வந்த ஒரு பெரிய மனிதர் தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடியபோது, அதற்கும் நீலமும் வெள்ளையுமாக ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தவர். அதனால்தான், உயிரியல் டீச்சர் அனுராதா ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு மைட்டோகாண்ட்ரியா போட்டுத் தர வேண்டும் என்று கேட்டபோது, அது என்ன என்று அவர் கேட்கவில்லை. எத்தனை அடிக்கு எத்தனை அடி என்றுதான் கேட்டார்.

முப்பதுக்குப் பதினைந்து, சுரைக்காய் மாதிரி நீளமாக, இரண்டு ஓரமும் உருண்டிருக்க வேண்டும் என்றார் டீச்சர். அடிவாரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி வருகிறவர் அவர். பதினோரு வருஷமாக ஒரே படத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து அழித்து, அது ஒரு பிள்ளையின் மண்டையிலும் ஒட்டவில்லை என்ற கவலை அவருக்கு. இந்த வருஷ அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகளை அந்தப் படத்துக்குள்ளேயே அனுப்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

சார்ட்டை விரித்து அவர் விளக்கியதில் வேலப்பனுக்குப் புரிந்தது இவ்வளவு. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்த மைட்டோகாண்ட்ரியா என்கிற வஸ்து நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நாம் சாப்பிடுவதைச் சக்தியாக மாற்றிக் கொடுப்பது அதுதான். அதற்கு வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று. உள்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும்.

மடிப்பு என்றதும் வேலப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை மடிப்பு வேண்டும் என்று கேட்டார். எத்தனை முடியுமோ அத்தனை, மடிப்பு கூடக் கூடத்தான் அங்கே வேலை நன்றாக நடக்கும் என்றார் டீச்சர். மடிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் ஆட்களையே பார்த்துப் பழகிய வேலப்பனுக்கு அந்த நிமிஷமே டீச்சரைப் பிடித்துப்போயிற்று.

சிக்கல் வாசலில்தான் வந்தது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய புரதங்களில் பதின்மூன்றை மட்டும்தான் அது தன் வீட்டிலேயே செய்துகொள்கிறது. மீதி ஆயிரத்துச் சொச்சமும் வெளியே தயாராகி, இரண்டு சுவரையும் தாண்டி உள்ளே வந்து சேர வேண்டும். அது எப்படி வருகிறது என்பதுதான் கண்காட்சியே. வேலப்பன் வாசலை நாலடி அகலத்துக்கு வைக்கலாம் என்றார். டீச்சர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நாலடியா? ஒண்ணரை அடியே ஜாஸ்திங்க."

"மனுசன் போகோணுமுங்களே டீச்சர்."

"மனுசன் போக வேண்டாமுங்க வேலப்பண்ணா. புரதம்தான் போகோணும். கைய கால மடக்கிட்டு உருண்டையா வந்தா உள்ள உடக் கூடாது. கயிறாட்ட நீண்டு, தலைய முன்னால குடுத்து வந்தா உடோணும். அதுதான் அங்க சட்டம்."

அப்புறம் வரிசையாக ஆட்களைச் சொன்னார். புரதத்தின் தலையில் ஒரு காகித ரிப்பன் கட்டியிருக்கும். அதன் மேல் கூட்டல் குறிகள். அதுதான் விலாசம். வெளியே இரண்டு பிள்ளைகள் நின்று, வருகிறவர் கை கால் மடங்காமல் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு பெண் கத்தரிக்கோலோடு நிற்பாள். தலை உள்ளே வந்ததும் விலாசத்துக்கு வேலை முடிந்தது, ரிப்பனை வெட்டிவிடுவாள். இன்னும் இரண்டு பேர் உள்ளே வந்த பாகத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

பிடித்து இழுப்பார்களா என்று வேலப்பன் கேட்டார். இழுக்க மாட்டார்கள், வெறுமே பிடித்துக்கொள்வார்கள் என்றார் டீச்சர். புரதம் தானாகவே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். முன்னால் ஆடும்போது பிடித்துக்கொண்டால் பின்னால் வழுக்கிப் போகாது, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முழுசும் உள்ளே வந்துவிடும். இல்லை, இழுக்கத்தான் செய்கிறது என்று சொல்லும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை என்றும் சொன்னார். வேலப்பன் இழுக்கிற கட்சியில் சேர்ந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இழுக்காமல் எந்தக் கயிறும் அவர் கைக்கு வந்ததில்லை.

மூன்று நாள் வேலை நடந்தது. வெளிச்சுவருக்கு மஞ்சள் துணி. உள்சுவருக்கு ரோஜா நிறத்தில், கல்யாண மேடையில் பின்னால் தொங்கவிடுகிற துணியை எடுத்து, ஒரு முழத்துக்கு ஆறு மடிப்பு வீதம் வைத்துத் தைத்தார். வாசலுக்கு நூறு லிட்டர் நீல டிரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, மேலும் கீழும் அறுத்தெடுத்து, நடுவிலும் அறுத்தார். ஒரு பாதி வெளிச்சுவரில், மறு பாதி உள்சுவரில், இரண்டுக்கும் நடுவே ஓரடி இடைவெளி. அடியில் வழவழவென்று ரெக்ஸின் விரித்தார். தானே குப்புறப் படுத்துக் கையை நீட்டி ஒருமுறை போய்ப் பார்த்தார். ஒல்லி உடம்பு, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளே போன பிறகு வெளியே வரும் வழி எது என்று கேட்டபோது, புரதம் வெளியே வராது, அங்கேயே இருந்து வேலை செய்யும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் டீச்சர். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று தலைமையாசிரியர் தனபால் வந்து கேட்ட பிறகுதான், அரை மனசோடு பின்பக்கத் துணியைத் தூக்கிவிட்டுக்கொள்ளச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. எரிமலை நாலு, மழைநீர் சேகரிப்பு ஆறு, எதற்கென்று யாருக்கும் தெரியாத காற்றாலை ஒன்று, இவற்றுக்கு நடுவே மைதானத்தில் மஞ்சளாக மைட்டோகாண்ட்ரியா படுத்திருந்தது. திறந்து வைக்க வேண்டிய அதிகாரி மீட்டிங் என்று சொல்லி வரவில்லை. அதனால் அந்த மரியாதை பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பொங்கியண்ணனுக்குப் போயிற்று.

பொங்கியண்ணன், மலைமேல் ஊர்க்கூட்டங்களில் ஒன்றான வளப்பூர் நாட்டில் மிளகு வியாபாரம் செய்கிறவர். அடிவாரத்துக்காரர், மலைக்கு வந்து முப்பது வருஷத்தில் மிளகோடு சேர்ந்து அவரும் நன்றாக விளைந்திருந்தார். நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துக்கு எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு வழக்கத்தைவிடத் தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குழந்தையம்மாள், கையில் ஒரு குடையோடு. அவர் பாதி அளவுதான் இருப்பார் அந்த அம்மாள்; ஆனால் இருவரும் சேர்ந்து நடந்து வந்தால், யார் பின்னால் யார் வருகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வாசல் ரிப்பனைக் கத்தரித்துத் திறந்து வைப்பதோடு தலைவர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் தனபால் சார் மைக்கைப் பிடித்தால் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்காது. நம் தலைவர் எதிலும் முதல் ஆளாக நிற்பவர், ஆகவே இந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் முதல் புரதமாக அவரே செல்வார் என்று அறிவித்துவிட்டார். ஐநூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டின கைக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லத் தலைவருக்கு வாய் வரவில்லை. டிரம்மைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தார். தனபால் சார் அத்தோடு விடவில்லை. புதிதாக வாங்கியிருந்த, கம்பி இல்லாத சின்ன மைக் ஒன்றைத் தலைவரின் காலரில் குத்திவிட்டு, உள்ளே என்னென்ன தெரிகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போகும்படி கேட்டுக்கொண்டார்.

வேலப்பன் அந்த நேரத்தில் வெளிச்சுவர் ஓரமாக நின்று தன் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் சுற்றளவையும் டிரம்மின் சுற்றளவையும் அவர் கண் தானாகவே அளந்தது. போகும். கை முன்னால் நீண்டிருந்தால், மூச்சை விட்டபடி போனால், மயிரிழையில் போகும்.

ரிப்பன் கட்டிய தலையோடு பொங்கியண்ணன் குப்புறப் படுத்தார். வாசலில் நின்ற இரண்டு பிள்ளைகளும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே, கையை நீட்டுங்க, காலை நீட்டுங்க என்றார்கள். முதல் அரை டிரம்மைத் தலைவர் சுலபமாகவே தாண்டினார். இருட்டா இருக்குது என்று ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. பிறகு, ரோஸ் கலரா என்னமோ தெரியுது என்றார். பிறகு ஐயோ என்ற மாதிரி ஒரு சின்னச் சத்தம். நீட்டிய கைகள் இரண்டும் சட்டென்று பின்னுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டன. முழங்கை இரண்டும் டிரம்மின் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி இறுகின. மூங்கில் சட்டம் மொத்தமும் ஒருமுறை முனகியது. அதோடு எல்லாம் நின்றுபோயிற்று.

தலையும் தோளும் உள்ளே. வயிறு உள் டிரம்மில். பாதங்கள் வெளி டிரம்முக்கு வெளியே, ஐநூறு பிள்ளைகளைப் பார்த்தபடி.

எல்லாரும் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அனுராதா டீச்சருக்கு மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை வேலப்பன் பார்த்தார். டீச்சர் கை மைக்கை எடுத்துக்கொண்டு, பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நோட்டை எடுங்கள் என்றார். இப்போது நடந்திருப்பதை விஞ்ஞானிகள் பல வருஷத்துக்கு முன் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள், ஒரு புரதம் விரியாதபடி மருந்து கொடுத்து இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள், அது இப்படித்தான் தலை உள்ளேயும் வால் வெளியேயுமாக நின்றுபோனது, உருண்டையாக இருந்தால் போக முடியாது என்பது அதனால்தான் உறுதியானது என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார்.

தனபால் சார் ஓடி வந்து மெதுவான குரலில், "டீச்சர், அவரு பி.டி.ஏ. தலைவருங்க" என்றார்.

"இப்ப அவரு புரதமுங்க சார்," என்றார் டீச்சர்.

உள்ளே கத்தரிக்கோலோடு நின்ற பன்னிரண்டாம் வகுப்பு சுசித்ராவுக்குத் தலை வந்தால் ரிப்பனை வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தலை வந்தது. வெட்டிவிட்டாள். வெட்டிட்டேன் டீச்சர் என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். டீச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உடம்பு இன்னும் வெளியே இருக்கும்போதே விலாசம் உள்ளே வெட்டப்படுகிறது என்றால், அந்தப் புரதம் ஒரே நேரத்தில் இரண்டு சுவரிலும் நிற்கிறது என்றுதானே அர்த்தம், இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் எழுதினார்கள்.

தனபால் சார் காலைப் பிடித்துப் பின்னால் இழுக்கலாம் என்று முடிவு செய்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தலைவர் வரவில்லை, உள்சுவர் வந்தது. முழத்துக்கு ஆறு மடிப்பு வைத்துத் தைத்தது பிரிகிற சத்தம் கேட்டதும் வேலப்பன் குறுக்கே பாய்ந்தார். இன்னொரு இழுவைக்கு மூங்கில் நிற்காது, மொத்தமும் தலைவர் மேலேயே சாய்ந்துவிடும் என்று கெஞ்சி நிறுத்திவிட்டு, பின்பக்கமாக ஓடித் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், ரோஜா நிற மடிப்புகளுக்கு நடுவே, பொங்கியண்ணனின் தலை முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. வேர்த்திருந்தது. பிடித்துக்கொள்ள நின்ற இரண்டு பெண்களும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு தோளை மரியாதையாகத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். வேலப்பன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"தலைவருங்களே, கைய முன்னால நீட்டுங்க. வந்துரலாம்."

"முடியாது வேலப்பா."

"வலிக்குதுங்களா?"

"வலியெல்லாம் இல்ல. கைய எடுத்தா காரியம் கெட்டுப்போயிரும்." பொங்கியண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். "இடுப்பு பெல்ட்டுக்குள்ள ஒரு எவர்சில்வர் டப்பா வெச்சிருக்கேன். அது டிரம்மு விளிம்புல மாட்டிக்கிச்சு. கைய எடுத்தா மூடி கழண்டுரும்."

"டப்பாவுல என்னங்க?"

"மைசூர்பாகு."

பொங்கியண்ணனுக்குச் சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. சர்க்கரை கூடிப்போயிற்று என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து குழந்தையம்மாள் அவரை வாசலில் நிறுத்திப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுகிறார், ஜீப்பின் டேஷ்போர்டையும் திறந்து பார்த்துவிடுகிறார், அதனால்தான் இடுப்பு. மலையில் இதுவரை யாருக்கும் தெரியாது. வேலப்பனும் வெளியே சொல்லிவிடக் கூடாது. காலையில் பன்னிரண்டு துண்டு இருந்தது, வரும் வழியில் நாலு ஆகிவிட்டது, மீதி எட்டு.

எட்டு, எட்டு என்று மைதானத்து மூலையிலிருந்து எதிரொலி வந்தபோதுதான் வேலப்பனுக்குச் சுருக்கென்றது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஐநூறு பிள்ளைகளும் இருபது ஆசிரியர்களும் நாலு எரிமலைகளும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது போல ஒரு அமைதி. அவர் பார்வை மெல்லப் போய்த் தலைவரின் காலரில் நின்றது. அதில் மிளகு நிறத்தில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, அந்த மைக் குத்தியிருந்தது. பொங்கியண்ணனும் அவர் பார்வை போன இடத்தைக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே குடையை மடக்கும் சத்தம் கேட்டது. கல்லில் செருப்பு நடந்து வந்தது. பிறகு டிரம்முக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குழாய் வழியாக வருவதுபோல, குழந்தையம்மாளின் குரல்.

"ஏனுங்க."

பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"டப்பாவ உடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பொங்கியண்ணனின் தோள் தளர்ந்தது. வேலப்பன் கையை உள்ளே விட்டுத் துழாவி, விளிம்பில் மாட்டியிருந்த டப்பாவை நசுங்கலும் நெளிசலுமாக வெளியே எடுத்து சுசித்ராவிடம் கொடுத்தார். அவள் கத்தரிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். பொங்கியண்ணன் ஒவ்வொரு கையாக முன்னால் நீட்டினார்.

இனி வந்துவிடுவார் என்றுதான் வேலப்பன் நினைத்தார். வரவில்லை. வெட்கத்தில் மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வயிறு காற்றடைத்த டயர் மாதிரி டிரம்மை நிரப்பிக்கொண்டு நின்றது. வேலப்பன் தன் கட்சிப்படி இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். பெண்களும் இழுத்தார்கள். சட்டம்தான் கூட வந்தது. மேலே ஒரு முடிச்சு அவிழ்ந்து ரோஜாத் துணி ஒரு மடிப்பு சரிந்து தலைவரின் தலையில் முக்காடு போட்டது.

அந்தப் பக்கம் குழந்தையம்மாள் தள்ளிப் பார்க்கலாம் என்று நினைத்து, கணவரின் இரண்டு உள்ளங்கால்களிலும் தன் உள்ளங்கையை வைத்தார். பொங்கியண்ணன் ஹிக் என்றார். பிறகு ஹிஹி என்றார். உள்ளங்காலில் அவருக்குக் கூச்சம் அதிகம். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அந்த அம்மாளுக்குத் தெரிந்த விஷயம்தான், நடுவில் மறந்திருந்தார். வயிறு ஒருமுறை குலுங்கியது. குலுங்கின வேகத்தில் தலைவர் அரை அங்குலம் முன்னால் வந்து, உடனே அரை அங்குலம் பின்னால் போனார்.

வேலப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தது, போனது. டீச்சர் சொன்னது இதுதானா என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்களிடம், இழுக்க வேண்டாம், முன்னால் வரும்போது மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் போக மட்டும் விடாதீர்கள் என்றார். பிறகு சத்தமாக, "அக்கா, இன்னொருக்கா காலத் தொடுங்க" என்றார்.

குழந்தையம்மாள் இந்த முறை விரலால் தொட்டார். பொங்கியண்ணன் சிரித்தார். அரை அங்குலம் வந்தது. பிடித்துக்கொண்டார்கள். மறுபடி தொட்டார். மறுபடி சிரித்தார். பிடித்துக்கொண்டார்கள். இழுத்தபோது அசையாத உடம்பு, வெறுமே பிடித்துக்கொண்டு நின்றதற்கு ஒவ்வொரு விரல்கடையாக வந்துகொண்டிருந்தது. வேலப்பன் அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டார்.

காலர் மைக் வழியாக அந்தச் சிரிப்பு மலை முழுக்கப் போயிற்று. முதலில் ஆறாம் வகுப்பு சிரித்தது. அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்தது. ரோட்டில் போன பஸ் ஒன்று நின்று என்ன என்று பார்த்தது. அனுராதா டீச்சர் கண்டிப்பு குறையாமல், ஒவ்வொரு முறை பிடித்து விடுவதற்கும் சக்தி ஒரு காசு மாதிரி செலவாகிறது, அதற்கு ஏ.டி.பி. என்று பெயர், எண்ணுங்கள் என்றார். பிள்ளைகள் எண்ணினார்கள். ஒரு ஏ.டி.பி., இரண்டு ஏ.டி.பி. என்று ஐநூறு குரல் சேர்ந்து எண்ணியது. இருபதுக்கு மேல் போனபோது குழந்தையம்மாளும் சிரித்துக்கொண்டுதான் தொட்டார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். முப்பத்தேழாவதில் பொங்கியண்ணன் பாட்டில் மூடி திறந்த மாதிரி ஒரு சத்தத்தோடு உள்ளே வந்து விழுந்தார்.

கொஞ்ச நேரம் ரெக்ஸின் மேல் கிடந்து மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். உள்ளே வந்த புரதம் மறுபடியும் மடிந்து தன் உருவத்துக்கு வந்துவிடும், அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும் என்று வெளியே டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் புரதம் தண்ணீர் கேட்டது.

அடுத்து வாசலில் என்னமோ அசைந்தது. குழந்தையம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டி, ஒரே வழுக்கில் இரண்டு டிரம்மையும் தாண்டி வந்து நின்றுவிட்டார். ரிப்பன் கட்டாமல் வந்த புரதத்தை என்ன செய்வது என்று சுசித்ராவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் டப்பாவை வாங்கித் திறந்தார். எட்டுத் துண்டில் ஒன்றிரண்டு தூளாகியிருந்தது. உள்ளே நின்ற மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு, வேலப்பனுக்கு ஒன்று. பாக்கி இருந்த ஒரு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு கணவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், தலையில் இன்னும் ரோஜாத் துணி. நகக்கண் அளவுக்கு ஒரு மூலையை மட்டும் ஒடித்து அவர் கையில் வைத்துவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"நெய் பத்தல," என்றார்.

கண்காட்சி அதற்குப் பிறகுதான் உண்மையில் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள். சாயங்காலம் வரை முந்நூறு பேருக்கு மேல் ரிப்பன் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பாதிப் பேர் வேண்டுமென்றே கையை மடக்கிக்கொண்டு போய் மாட்டப் பார்த்தார்கள். யாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எரிமலைக்காரப் பிள்ளைகள் சோடா உப்பை மூடி வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். அனுராதா டீச்சருக்குத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் வாசலில் நின்ற பிள்ளைகளே ஒவ்வொருவருக்கும் கதையைச் சொல்லி அனுப்பினார்கள், ஒரு வரி தப்பாமல். டீச்சர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வேலப்பனிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. அவர் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் வேலப்பன் பந்தலைப் பிரிக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை திண்ணனூர் நாட்டில் ஒரு காதுகுத்துக்கு அதே ரோஜாத் துணி போக வேண்டும். வடக்குப் பக்கத்து முடிச்சுகளை அவிழ்த்து முடித்து, மேலே ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது பொங்கியண்ணனின் ஜீப் வந்தது. தனியாகத்தான் வந்திருந்தார். ஏணிக்குக் கீழே வந்து நின்று, மழை வரும்போல் இருக்கிறது என்றார். ஆமாங்க என்றார் வேலப்பன். மிளகு இந்த வருஷம் பரவாயில்லை என்றார். ஆமாங்க என்றார்.

"இத இன்னொரு நாளைக்கு வெச்சிருக்க முடியுமா வேலப்பா?"

"எதுக்குங்க தலைவருங்களே?"

பொங்கியண்ணன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். காலரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன் மச்சான் முருகானந்தம் நேற்று ராத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரிக்கிறான் என்றார். யாரோ வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்களாம். அவ்வளவு சுலபமான ஒரு ஓட்டைக்குள் ஒரு மனுஷன் எப்படி மாட்ட முடியும் என்று கேட்கிறானாம். நாளைக்கே வந்து, உள்ளே போய்க் காட்டுகிறேன் என்று சவால் விட்டிருக்கிறானாம்.

"ஆளு எப்படிங்க இருப்பாரு?" என்றார் வேலப்பன்.

"என்னவிட ஒரு சுத்து பெருசு."

வேலப்பன் ஏணியில் நின்றபடியே டிரம்மைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். காதுகுத்துக்காரர்களுக்குப் பச்சைத் துணியைக் கொடுத்து ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

"எந்த பஸ்ஸுக்கு வாராருங்க?"

"பதினொன்னரைக்கு."

வேலப்பன் இறங்கி வந்து, லாரியில் ஏற்றியிருந்த மூங்கிலில் இன்னும் நாலு கெட்டியாகப் பார்த்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.